உதவி வந்து சேராத நாட்களுக்கான பயிற்சி

கேள்வி: நான் அந்தமான் நிக்கோபார் நிர்வாகத்தில் பேரிடர் மேலாண்மைப் பணியில் இருக்கும் இடைநிலை அலுவலர். என் பெற்றோர் இங்கே வந்து குடியேறிய தமிழர்கள். நான் பிறந்து வளர்ந்தது இத்தீவுகளில்தான். பாதுகாப்பு மற்றும் அவசரகாலப் பணிகளில் தலைமைப் பொறுப்பு ஏற்கப்போகும் அலுவலர்களுக்காக மெயின்லேண்டில் ஒரு நிறுவனம் நடத்தும் பயிற்சிக்கு என் பெயரைப் பரிந்துரைக்க மேலதிகாரி முன்வந்திருக்கிறார். பத்து மாதங்களில் நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு வாரம், இறுதியில் ஒரு திட்ட அறிக்கை. பாடத்திட்டத்தில் பெருநகர வெள்ளம், ஆலை விபத்து, கூட்ட நெரிசல் எல்லாம் இருக்கின்றன. தீவு என்ற சொல்லே இல்லை. அனுபவம் மிக்க என் மூத்த அலுவலர், தீவு வேலையை வகுப்பறையில் கற்க முடியாது என்கிறார். இதற்குப் போவதா, வெளிநாட்டு வாய்ப்பு வரும்வரை காத்திருப்பதா? நான் ஊரில் இல்லாத வாரத்தில் ஏதாவது நேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சமும் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

வாய்ப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால், பாடத்திட்டம் இப்போது இருக்கிறபடியே உங்களுக்குப் போதுமானது என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். அது பெருநிலத்து அலுவலர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. உங்கள் தீவுகளின் கேள்வியை அதற்குள் நீங்களே கொண்டுபோய் வைத்தாக வேண்டும். வெளியிலிருந்து எவரும் வந்து சேர முடியாத முதல் சில நாட்களில், கையில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு, அரைகுறைத் தகவலோடு, தம் ஆணைக்கு உட்படாதவர்களையும் இணைத்துக்கொண்டு ஓர் அலுவலர் எப்படி முடிவெடுப்பது என்பதே அந்தக் கேள்வி. இத்தகைய பயிற்சிகளை வடிவமைக்கும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறவருக்குச் சாதாரணமான பயிற்சியும் பயன் தரும், அது இல்லாமல் போகிறவருக்கு மிகச் சிறந்த பயிற்சியும் ஒரு சான்றிதழாகவே முடிந்துவிடும்.

பெருநிலத்தில் ஒரு மாவட்டம் மூழ்கினால் பக்கத்து மாவட்டத்திலிருந்து சாலை வழியாகப் பொக்லைன் வரும், படகு வரும், அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படையின் குழு புறப்பட்டு வரும். ஆகவே அங்கே நடக்கும் தலைமைப் பயிற்சிகள் பெரும்பாலும், வந்து குவியும் உதவியை எப்படி ஒழுங்குபடுத்துவது என்பதிலேயே கவனம் செலுத்துகின்றன. உங்கள் நிலை வேறு. சிறியவையும் பாறைத்திட்டுகளும் சேர்த்து 836 என்று கணக்கிடப்படும் தீவுகளில் மக்கள் வாழ்பவை ஏறத்தாழ முப்பதுதான். அவையும் வடக்கிலிருந்து தெற்காக 700 கிலோமீட்டருக்கும் மேல் பரவிக் கிடக்கின்றன. நடுவே பத்துப் பாகைக் கால்வாய் அந்தமானையும் நிக்கோபாரையும் பிரிக்கிறது. தீவுகளின் தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (முன்பு போர்ட் பிளேர்) சென்னை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பயணிகள் கப்பலில் ஏறினால் மூன்று நாள் ஆகும். அந்தத் தலைநகரிலிருந்து தென்கோடியில் உள்ள கேம்பல் பே போவதற்கே 500 கிலோமீட்டருக்கு மேல் கடலைக் கடக்க வேண்டும். ஆகவே, பெரிய நிர்வாகம் எவ்வளவு நல்ல மனத்தோடு இருந்தாலும், நிக்கோபாரில் உள்ள ஒரு கச்சாலிலோ கமோர்ட்டாவிலோ முதல் நாட்களின் தலைமை அங்கே இருப்பவர் கையில்தான் இருக்கும்.

2004 டிசம்பர் 26 அன்று நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், பயிற்சி வகுப்பில் அமரும்போது அதை ஒரு துயர நினைவாக மட்டும் வைக்காமல், முடிவெடுக்கும் பாடமாகப் பிரித்து வைக்கப் பழகுங்கள். காலை ஆறரை மணி அளவில் சுமத்ராவுக்கு அப்பால் 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது. நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனையில் தரை நான்கு மீட்டருக்கும் அதிகமாகத் தாழ்ந்தது. அதே நிலநடுக்கத்தில் வட அந்தமானின் சில கரைகள் மேலெழுந்து பவளப்பாறைகள் நீருக்கு வெளியே தெரிந்தன. தலைநகரை ஒட்டிய சிப்பிகாட்டில் விளைநிலத்துக்குள் கடல்நீர் புகுந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது. ஒரு நிர்வாகிக்கு இதன் பொருள் மிக நேரடியானது. சில இடங்களில் ஜெட்டி இடிந்துபோயிற்று, சில இடங்களில் நீருக்கடியில் போயிற்று, வேறு சில இடங்களில் நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. கப்பல் வந்தாலும் அணைய இடமில்லை. கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தில் பணியாளர்களும் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உதவிக்கு வர வேண்டியவர்களே முதலில் பாதிக்கப்பட்டவர்கள் ஆனார்கள். ஓடுதளத்தின் ஒரு பகுதி தப்பியதால்தான் அங்கே விமானங்கள் இறங்க முடிந்தது. எந்த மேலாண்மைப் பாடநூலும் இந்தச் சேர்க்கையைக் கற்பிப்பதில்லை: மீட்பவரும் மீட்கப்படுபவரும் ஒருவரே, வழிகள் எல்லாம் ஒரே காலையில் அடைபடுகின்றன, சேதத்தின் அளவு பல நாள் தெரியவில்லை.

இதில் நேரம் என்பது தனியாகக் கவனிக்க வேண்டியது. ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 அக்டோபர் முதல் இயங்குகிறது. நிலநடுக்கம் நிகழ்ந்த பத்து நிமிட அளவில் அதன் முதல் அறிவிப்பு வெளியாகிறது. அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகும் சென்னைக்கு அது போதுமான அவகாசம். சுமத்ராப் பிளவுக்கு அருகே இருக்கும் நிக்கோபாருக்கோ மொத்தமே இருபது, முப்பது நிமிடம்தான் கிடைக்கக்கூடும். அறிவிப்பு தலைநகருக்கு வந்து, அங்கிருந்து மாவட்டத் தலைமையகத்துக்குப் போய், அங்கே ஒருவர் கையொப்பமிட்டு, பிறகு கிராமத்துக்குப் போகும் என்று ஒழுங்கு வைத்தால், அந்த ஒழுங்கே உயிரைக் குடித்துவிடும். நிலம் நீண்ட நேரம் அதிர்ந்தால் எவருடைய உத்தரவுக்கும் காத்திராமல் மேட்டுக்குப் போக வேண்டும் என்ற முடிவு கிராமத்தின் கையில் இருக்க வேண்டும். சைரனை ஒலிக்கும் அதிகாரம் அந்தத் தீவிலேயே, அன்று பணியில் இருப்பவரிடம் இருக்க வேண்டும். அதிகாரத்தை முன்கூட்டியே கீழே ஒப்படைப்பது, ஒப்படைத்த பிறகு அவர் தவறாக ஒலித்தாலும் அவர் பக்கம் நிற்பது ஆகிய இரண்டும் உயர் அலுவலர் கற்க வேண்டிய கடினமான பாடங்கள். 2012 ஏப்ரல் 11 அன்று 8.6 அளவில் கடலடி அதிர்ந்து, எச்சரிக்கை விடுக்கப்பட்டு, பெரிய அலை வராமல் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அதுபோன்ற நாளுக்குப் பிறகு மக்களிடம் என்ன சொல்வது, அடுத்த முறை அவர்கள் அசையாமல் இருந்துவிடாதபடி எப்படிச் சொல்வது என்பதற்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்கலாம்.

ஹவாய் இதில் நமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. 2018 ஜனவரி 13 அன்று அங்கே ஏவுகணை வருகிறது என்ற பொய்யான எச்சரிக்கை அத்தனை கைப்பேசிகளுக்கும் போயிற்று. அது தவறு என்ற செய்தி அதே வழியில் போய்ச் சேர 38 நிமிடங்கள் ஆயின. எச்சரிக்கை விடுப்பதற்கு வழி இருந்தது, திரும்பப் பெறுவதற்கான செய்தி தயாராக இல்லை. இரண்டாவது, 2023 ஆகஸ்டு 8 அன்று மாவி தீவின் லஹைனா நகரை எரித்த காட்டுத்தீ. நூறு பேருக்கும் மேல் இறந்த அந்த நாளில் வெளிப்புறச் சைரன்கள் ஒலிக்கப்படவில்லை. சைரன் கேட்டால் மக்கள் சுனாமி என்று நினைத்து மலைப்பக்கம், அதாவது தீ இருந்த திசையிலேயே ஓடியிருப்பார்கள் என்று மாவட்ட அவசரகால நிர்வாகத் தலைவர் பின்னர் விளக்கம் கூறினார். ஒரே ஒலிக்கு ஒரே பொருள் என்று பல ஆண்டுகள் பழக்கிவிட்டால் வேறு ஆபத்து வரும்போது கருவி இருந்தும் பயன்படாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வை நான் அறியேன். உங்கள் அச்சத்தோடு தொடர்புடைய இன்னொரு செய்தியும் இதில் உண்டு: அன்று அந்தத் தலைவர் மாவியில் இல்லை, அவசரகாலப் பணியாளர்களுக்கான ஒரு கருத்தரங்கில் கலந்துகொள்ள ஓவாஹு தீவுக்குச் சென்றிருந்தார்.

ஆகவே நீங்கள் இல்லாத வாரத்தைப் பற்றிய கவலை வீண் கவலை அல்ல. அதற்காகப் போகாமல் இருப்பதும் தீர்வு ஆகாது. தீவுகளில் அலுவலர்கள் நோய்வாய்ப்படுகிறார்கள், விடுப்பில் போகிறார்கள், கடல் கொந்தளிப்பால் வேறு தீவில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே ஒருவர் இருந்தால்தான் அமைப்பு இயங்கும் என்றால் அதில் ஏற்கெனவே ஓட்டை இருக்கிறது. பயிற்சியின் முதல் கட்டத்துக்கு நீங்கள் புறப்படுவதையே முதல் ஒத்திகையாக மாற்றிக்கொள்ளுங்கள். வழக்கமாக நாம் தரும் பொறுப்பு மாற்ற உத்தரவில் கோப்புகளை யார் பார்ப்பார் என்றுதான் இருக்கும். நீங்கள் எழுத வேண்டியது வேறு: சைரன் ஒலிக்கும் முடிவு யாருடையது, கப்பல்களை நிறுத்தச் சொல்வது யார், கடற்படையையும் கடலோரக் காவல் படையையும் எந்த எண்ணில் எவர் அழைப்பார், செலவுக்கு எந்த வரம்புவரை அவர் தாமாகவே ஒப்புதல் தரலாம், அவரும் எட்டாத நிலையில் அடுத்தவர் யார். ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. நீங்கள் வகுப்பில் இருக்கும் வாரத்திலேயே உங்கள் உதவியாளர் ஒரு மேசை ஒத்திகையை, அதாவது களத்தில் இறங்காமல் ஒரு பேரிடரைக் கற்பனை செய்து அமர்ந்து பேசிப் பார்க்கும் பயிற்சியை, நடத்தட்டும். நீங்கள் தொலைபேசியில் குறுக்கிடாதீர்கள். திரும்பி வந்ததும், எங்கே தடுமாறினார்கள் என்பதை அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வகுப்பில் ஒரு வாரம் கற்பதற்கு நிகரான பாடம் அதில் கிடைக்கும்.

கால அட்டவணையையும் நிறுவனத்திடம் பேசிப் பாருங்கள். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நாட்களையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான புயல் காலத்தையும் தவிர்த்து உங்கள் கட்டங்களை அமைக்கக் கேட்பது நியாயமான கோரிக்கை. 2016 டிசம்பரில் காற்றழுத்தத் தாழ்வுநிலையால் படகுகள் நின்றபோது இன்று ஸ்வராஜ் தீவு எனப்படும் ஹாவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டதும், கடற்படைக் கப்பல்கள் போய் அழைத்து வந்ததும் அந்தக் காலத்தில்தான். நிலநடுக்கம் மாதம் பார்த்து வருவதில்லை என்பதும் உண்மை. 1881இல் டிசம்பர் கடைசி நாளில் கார் நிக்கோபார் அருகே அதிர்ந்தது, 1941இல் ஜூன் மாதம் அந்தமானில் அதிர்ந்தது. ஆகவே பொறுப்பு மாற்றக் குறிப்பு எல்லா மாதத்துக்கும் வேண்டும்.

அடுத்து, யாரோடு போவது என்பது. என் கருத்தில் எந்தப் பாடத்தையும்விட இதுவே பெரிய விஷயம். பொதுவான தலைமைப் பயிற்சிகள் தம் கீழ் உள்ள குழுவை வழிநடத்துவது பற்றியே பேசுகின்றன. உங்கள் தீவுகளில் ஒரு பேரிடரின்போது தேவைப்படும் எதுவும் பெரும்பாலும் உங்கள் கீழ் இருப்பதில்லை. விமானமும் போர்க்கப்பலும் 2001இல் அமைக்கப்பட்ட முப்படைகளின் அந்தமான் நிக்கோபார் கட்டளையிடம் உள்ளன. பயணிகள் கப்பல்கள் கப்பல் போக்குவரத்துத் துறையிடம். ஜெட்டிகள் துறைமுகப் பணியினரிடம். நோயாளிகளை ஹெலிகாப்டரில் ஏற்றித் தலைநகரின் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு அனுப்பும் முடிவு மருத்துவத் துறையிடம். நிக்கோபார் கிராமங்களில் மக்கள் கேட்கும் சொல் கேப்டன்கள் எனப்படும் ஊர்த்தலைவர்களுடையதும் பழங்குடியினர் மன்றத்துடையதும். 2004 சுனாமிக்குப் பிறகு துணைநிலை ஆளுநரின் தலைமையில் ஒருங்கிணைந்த நிவாரணக் கட்டளை ஒன்று அமைக்கப்பட்டது இந்தச் சிதறலை இணைக்கத்தான். பேரிடர் நிகழ்ந்த பிறகு அமைப்பதைவிட, முன்பே ஒருவரை ஒருவர் அறிந்திருப்பது எவ்வளவோ மேல். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இல் வெளியிட்ட நிகழ்வு எதிர்கொள்ளல் முறை பற்றிய வழிகாட்டுதலில் யார் கட்டளை அதிகாரி, யார் திட்டமிடல், யார் தளவாடம் என்று பொறுப்புகள் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. தாளில் எழுதிய அந்தப் பெட்டிகளுக்குள் பெயர்கள் இருப்பது போதாது. அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் ஒரு வாரம் ஒன்றாக அமர்ந்து சண்டையிட்டு உடன்பட்டிருக்க வேண்டும்.

அதனால் உங்கள் மேலதிகாரியிடம், உங்களை மட்டும் பரிந்துரைக்காமல் கப்பல் போக்குவரத்திலிருந்தோ காவல் துறையிலிருந்தோ இன்னொருவரையும் சேர்த்து அனுப்பக் கேளுங்கள். ஓர் இடம்தான் என்று நிறுவனம் சொன்னால், ஒரு கட்டத்தையாவது தலைநகரில் நடத்த முடியுமா என்று கேளுங்கள். அமெரிக்காவில் மான்டரே நகரின் கடற்படை முதுநிலைப் பள்ளியில் இயங்கும் உள்நாட்டுப் பாதுகாப்பு மையம், ஹவாய், குவாம் போன்ற பசிபிக் தீவுப் பகுதிகளின் தலைவர்களைத் தனியே ஒரு வகுப்பாகக் கூட்டுவது இதே காரணத்துக்காகத்தான். பெருநகரத் தீயணைப்புத் தலைவரோடு அமர்ந்தால் தீவுக்காரர் கேட்பவராகவே இருந்துவிடுவார். இன்னொரு தீவுக்காரரோடு அமரும்போதுதான் எரிபொருள் கப்பல் தவறியதைப் பற்றிய பேச்சு தொடங்கும். நம் நாட்டில் அந்த வாய்ப்பைப் பெற லட்சத்தீவு அலுவலர்களையும் அழைக்கும்படி நீங்கள் நிறுவனத்துக்கு எழுதலாம். 2017இல் ஒக்கி புயலைச் சந்தித்தவர்கள் அவர்கள். உங்கள் இரு நிர்வாகங்களும் ஒரே வகுப்பில் அமர்வதால் கிடைக்கும் பயன் பெரியது.

உங்கள் மூத்தவர் சொன்னதை நான் மதிக்கிறேன். ஒரு படகுத்துறையில் காற்று திரும்புவதைப் பார்த்து இன்று கப்பல் புறப்படாது என்று சொல்லக்கூடியவரின் அறிவை எந்த வகுப்பும் தராது. ஆனால் அந்த அறிவு அவரோடு ஓய்வு பெற்றுப் போய்விடுகிறது. உயர் பொறுப்புகளில் இருக்கும் ஆட்சிப் பணியினர் பலர் பல யூனியன் பிரதேசங்களுக்குப் பொதுவான பிரிவிலிருந்து வந்து சில ஆண்டுகளில் மாறுதலாகிச் செல்பவர்கள். தீவுகளின் நினைவு உங்களைப் போன்ற உள்ளூர் அலுவலர்களிடமே தங்குகிறது. உயர்நிலைப் பயிற்சிகளுக்கோ மாறிச் செல்பவர்கள்தான் பெரும்பாலும் அனுப்பப்படுகிறார்கள். இந்த நிலை எனக்கு நெடுநாளாக வருத்தம் தருவது. உங்களுக்கு வந்துள்ள வாய்ப்பை நீங்கள் விட்டுவிடக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். புறப்படுவதற்கு முன் அந்த மூத்தவரோடு அமர்ந்து, அவர் கண்ட நிகழ்வுகளை எழுதி வாங்குங்கள்: என்ன தெரிந்திருந்தது, என்ன தெரியவில்லை, எந்த நேரத்தில் யார் என்ன முடிவெடுத்தார், மாற்று வழி என்னவாக இருந்தது. 2014 ஜனவரி 26 அன்று தலைநகருக்கு அருகே சுற்றுலாப் படகு கவிழ்ந்து, காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது ஒரு நிகழ்வு. 2016இல் ஹாவ்லாக் இன்னொன்று. பெருநிலத்து நிறுவனங்களின் பாடத்தொகுப்பில் இவை இருப்பதில்லை. நீங்கள் எழுதிக்கொண்டு போனால் இருக்கும்.

நிக்கோபாரைப் பற்றிப் பேசும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சுனாமிக்குப் பிறகு கட்டப்பட்ட தகரக் குடில்கள், துஹெட் எனப்படும் கூட்டுக் குடும்பத்தை மையமாகக் கொண்ட நிக்கோபாரிகளின் வாழ்முறைக்குப் பொருந்தவில்லை. நிவாரணம் தனித்தனிக் குடும்பத் தலைவர்களின் பெயரில் போனதால் துஹெட்டுக்குள்ளேயே உறவுகள் மாறின. உதவி செய்தவர்களின் எண்ணம் நல்லதுதான், கேட்காமல் செய்ததே குறை. உங்கள் பயிற்சியில் சமூக ஈடுபாடு என்று ஒரு மணி நேர விரிவுரை இருக்கலாம். அதோடு நிறைவடையாமல், ஒரு கேப்டன் அந்த வகுப்புக்கு வந்து பேச ஏற்பாடு செய்ய முடியுமா என்று பாருங்கள். கச்சாலில் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர் தோட்ட வேலைக்காகக் குடியமர்த்தப்பட்டதையும், அந்தத் தீவு 2004இல் எவ்வளவு கடுமையாகப் பாதிக்கப்பட்டது என்பதையும் நீங்கள் அறிவீர்கள். ஒரே கரையில் நிக்கோபாரி, தமிழ், இந்தி, வங்காளம் பேசுபவர்கள் இருக்கும்போது எச்சரிக்கை எந்த மொழியில், யார் குரலில் போக வேண்டும் என்பது தொழில்நுட்பப் பிரிவுக்கு விட்டுவிடக்கூடிய வேலை அல்ல.

இனித் திட்ட அறிக்கை. நான்கு வாரங்களில் நீங்கள் கேட்கும் விரிவுரைகளில் பாதி மறந்துபோகும். இந்த அறிக்கை மட்டுமே உங்கள் அலுவலகத்துக்குத் திரும்பி வரும். எல்லாத் தீவுகளுக்கும் பொதுவான பெரிய திட்டத்தை எழுத முயலாதீர்கள். ஒரே ஒரு தீவை எடுங்கள், கமோர்ட்டாவாக இருக்கட்டும். கப்பலும் ஹெலிகாப்டரும் ஐந்து நாள் வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எத்தனை நாள் அரிசி இருக்கிறது, குடிநீர் எங்கிருந்து வருகிறது, அது உப்பானால் அடுத்தது எது, டயாலிசிஸ் தேவைப்படுபவர்களும் பேறுகாலப் பெண்களும் எத்தனை பேர், செயற்கைக்கோள் தொலைபேசி யாரிடம் இருக்கிறது, அது கடைசியாக எப்போது சார்ஜ் செய்யப்பட்டது என்று நேரில் போய் எண்ணுங்கள். உங்கள் தீவுகளில் மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரையே நம்பியிருக்கிறது. மூன்று நாளுக்கு மட்டும் டீசல் இருக்கையில் மருத்துவமனை, குடிநீர் மோட்டார், செல்போன் கோபுரம் மூன்றுக்கும் எப்படிப் பங்கிடுவது என்பதை அங்குள்ள மருத்துவரோடும் பொறியாளரோடும் உட்கார்ந்து முடிவு செய்து, அந்த முடிவை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். தலைமைக் கல்வி என்று நான் கருதுவது இதைத்தான்: நெருக்கடி வரும் முன்பே, எவரும் விரும்பாத முடிவை எல்லோர் முன்னிலையிலும் எடுத்து வைப்பது.

சட்டத்தையும் அந்த அறிக்கைக்குள் கொண்டுவாருங்கள். 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு மாவட்ட ஆணையத்துக்குத் தரும் அதிகாரங்களையும், வாகனம், கட்டடம், பொருள் ஆகியவற்றைக் கையகப்படுத்துவது பற்றிய 65ஆம் பிரிவையும் வகுப்பில் சட்ட ஆசிரியரிடம் விரிவாகக் கேளுங்கள். தனியார் விரைவுப் படகு ஒன்றை நோயாளிகளை ஏற்றிச் செல்ல எடுத்துக்கொள்ள வேண்டுமானால் உத்தரவு யார் பெயரில் இருக்க வேண்டும், இழப்பீடு எவ்வாறு கணக்கிடப்படும், மாவட்டத் தலைமையகத்தோடு தொடர்பே இல்லாத தீவில் அந்த உத்தரவை யார் பிறப்பிக்கலாம்? இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதி வாங்கிக்கொண்டு வருவதற்காகவே ஒரு வாரம் செலவிடலாம்.

வெளிநாட்டு வாய்ப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். ஹொனலுலுவில் 1995 முதல் இயங்கும் ஆசிய பசிபிக் பாதுகாப்பு ஆய்வு மையமும், பாங்காக்கில் 1986இல் தொடங்கப்பட்ட ஆசியப் பேரிடர் தயார்நிலை மையமும் நல்ல பயிற்சிகளை நடத்துகின்றன. அரசின் பரிந்துரை இல்லாமல் உங்களைப் போன்ற அலுவலர்கள் அங்கே போக முடியாது, அந்தப் பரிந்துரைக்கு இப்போதைய பயிற்சியும் அறிக்கையும் வலுச் சேர்க்கும். இடையில், விஜயவாடாவுக்கு அருகே கொண்டபாவுலூரில் 2025 ஜனவரியில் திறக்கப்பட்ட தேசியப் பேரிடர் மேலாண்மை நிறுவனத்தின் தென்வளாகம் உங்களுக்குச் சென்னை வழியாக எளிதில் எட்டக்கூடியது. அங்கே நடக்கும் சில நாள் பயிற்சிகளுக்கு உங்கள் உதவியாளரை அனுப்புங்கள்.

வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போகாமலே நீங்கள் படிக்க வேண்டிய தீவு ஒன்று உண்டு. 2022 ஜனவரி 15 அன்று டோங்காவில் கடலடி எரிமலை வெடித்தபோது அந்த நாட்டை உலகோடு இணைத்த ஒரே கடலடிக் கேபிள் அறுந்தது. அது சீராக ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆயின. விமான ஓடுதளத்தில் படிந்த சாம்பலை மக்கள் கையால் வாரிய பிறகு, ஐந்தாம் நாள்தான் முதல் உதவி விமானங்கள் இறங்கின. கோவிட் தொற்று நாட்டுக்குள் வந்துவிடாதபடி, உதவிப் பொருட்களை எவரையும் தொடாமல் இறக்கிவிட்டுப் போகும்படி அந்த அரசு கேட்டுக்கொண்டது. நெருக்கடியின் நடுவிலும் உதவிக்கு நிபந்தனை விதிக்கும் உறுதி அவர்களுக்கு இருந்தது. 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடிக் கேபிளால் உங்கள் அலுவலகங்களின் வேலை எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே அது அறுந்த ஒரு நாளையும் ஒத்திகையில் சேர்த்துக்கொள்ளுங்கள். உயர் அதிர்வெண் வானொலியை இயக்கத் தெரிந்தவர் ஒவ்வொரு தலைமையகத்திலும் இப்போது எத்தனை பேர் என்று கேட்டால் பல அலுவலகங்களில் அமைதிதான் பதிலாகக் கிடைக்கும்.

பதவி உயர்வுக்கு இந்தப் பயிற்சி உதவுமா என்று நீங்கள் கேட்கவில்லை. உதவலாம், ஆனால் அதை முதன்மையாக வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

மேலதிகாரிக்கு நீங்கள் தரும் சம்மதக் கடிதத்தில் மூன்றைச் சேர்த்து அனுப்புங்கள்: இன்னொரு துறையிலிருந்து ஒருவரைக் கூடச் சேர்க்கும் வேண்டுகோள், புயல் காலத்தில் விழும் கட்டத்தை மாற்றித் தரும்படி நிறுவனத்துக்கு எழுத அனுமதி, உங்கள் உதவியாளரின் பெயரோடு மேலே சொன்ன ஒரு பக்கப் பொறுப்பு மாற்றக் குறிப்பின் வரைவு. குறிப்பில் அவர் கையொப்பமிட்ட பிறகு அதன் ஒரு படி கடற்படைக் கட்டுப்பாட்டு அறைக்கும், ஒரு படி கார் நிக்கோபார் துணை ஆணையர் அலுவலகத்துக்கும் போக வேண்டும். முதல் கட்டம் முடிந்து வந்ததும் கமோர்ட்டாவுக்கு அடுத்த கப்பலில் இடம் பதிவு செய்துவிடுங்கள். கணக்கெடுப்பைப் பருவமழை தொடங்கும் முன் முடிப்பது நல்லது.